யார் கொடுத்த விஎல்சி இது?

ஓசூர் சிப்காட் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு பென்டிரைவ் இருக்கும். விண்டோஸ் போட்டு முடித்ததும் அதைச் செருகி, விஎல்சியில் ஆரம்பித்து வரிசையாக இன்ஸ்டால் செய்து கொடுப்பார்கள். அந்த விஎல்சி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, ஆரஞ்சுக் கூம்பு தெரிந்தால் போதும். தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வரும் நாம் இதைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் டிரைவ் லிங்க் மட்டும் என்ன வாழுதாம்?

“அஃபிஷியல் சைட்ல மட்டும் எடுங்கப்பா” என்பார்கள். 2022 தொடக்கத்தில் அந்த அஃபிஷியல் சைட்டே, அதாவது வீடியோலான் தளமே, இந்தியாவில் முடக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. அக்டோபரில் வீடியோலான் சட்ட நோட்டீஸ் அனுப்பியது, நவம்பரில் தடை விலகியது. நடுவில் யாரும் படம் பார்ப்பதை நிறுத்திவிடவில்லை. தேடலில் அடுத்து வந்த ஏதோ ஒரு தளத்துக்குப் போனார்கள். நல்ல தளத்தை மூடினால் மக்கள் கண்ட தளத்துக்கும் போவார்கள் என்பதுதான் வீடியோலானின் புகாரும். அதே ஆண்டு ஏப்ரலில் சைமன்டெக் ஒரு உளவுக் கும்பலைப் பற்றி எழுதியது. அவர்கள் விஎல்சியின் ஒரிஜினல் ஃபைலைத் தொடவே இல்லை, பக்கத்தில் ஒரு கெட்ட டிஎல்எல்லை வைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: பல மென்பொருள்களுக்கு அஃபிஷியல் பில்டே கிடையாது. வீடியோ உலகத்தின் பாதி பாரத்தைச் சுமக்கும் எஃப்எஃப்எம்பெக் மூலநிரலை மட்டும்தான் வெளியிடுகிறது. அதை கம்பைல் செய்து, டபுள்-கிளிக் பண்ணினால் ஓடும்படி தருவது வெளியாட்கள். விண்டோஸ்காரர்கள் வருஷக்கணக்கில் நம்பியிருந்த செரனோ தளம் 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. எம்பிசி-ஹெச்சியின் மூலத்திட்டம் 2017-லேயே நின்றுவிட்டது, இன்று உயிரோடிருப்பது அதிலிருந்து கிளைத்த ஒன்று. அஃபிஷியல் செத்துப்போய் அன்அஃபிஷியல் வாழ்கிற இடத்தில் “அஃபிஷியல் மட்டும்” என்பது அறிவுரையே இல்லை.

ஆகவே ஒரு பட்டியல் வேண்டும், அதைப் பலர் சேர்ந்து பராமரிக்க வேண்டும். இந்த ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. பேட்ச் நம்பர் இல்லாத போல்ட் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டி லைனுக்குள் வராது. அந்த போல்ட்டுக்குக் காட்டும் சந்தேகத்தை ஒரு எக்ஸி ஃபைலுக்கும் காட்டுங்கள். யார் கம்பைல் செய்தது, எந்த மூலநிரலிலிருந்து, பில்ட் ஸ்கிரிப்ட் எங்கே, கடைசியாக எப்போது சோதித்தோம். ஹாஷையும் பட்டியலே தனியாகக் குறித்து வைக்க வேண்டும். ஃபைல் இருக்கும் தளத்திலேயே ஹாஷும் இருந்தால், ஃபைலை மாற்றுகிறவன் அதையும் மாற்றிவிட்டுப் போவான். தினமும் மாறும் நைட்லி பில்ட் என்றால் ஹாஷ் எழுதி மாளாது, பொதுவில் தெரியும் பில்ட் லாக் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஜிபிஎல் உரிமத்தில் வரும் பிளேயரை விநியோகித்துவிட்டு மூலநிரல் தர மறுக்கிறவருக்குப் பட்டியலில் இடமே கிடையாது. அது உரிம மீறல்.

கிட்ஹப்பில் ‘ஆசம்’ என்று தொடங்கும் லிஸ்ட்டுகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, ஸ்டாரும் குவிகிறது. லிங்க் சேர்க்க ஆயிரம் பேர் வருவார்கள், நீக்க ஒருவரும் வரமாட்டார். டொமைன் காலாவதியாகும், வேறொருவன் வாங்குவான், பழைய பெயரிலேயே புது விஷத்தை வைப்பான். அதுவரை சம்பாதித்த நம்பிக்கையோடு உங்கள் பட்டியல் மக்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருக்கும். பராமரிக்காத பட்டியல் மால்வேர்காரனுக்கு இலவச விளம்பரம். ஒரு பட்டியலை ஸ்டாரை வைத்து எடைபோடாதீர்கள், போன மாதம் எத்தனை வரி நீக்கினார்கள் என்று பாருங்கள்.

நேரமில்லை என்பதை ஏற்க மாட்டேன். கணியம் இதழைத் தன்னார்வலர்கள் 2012-லிருந்து நடத்துகிறார்கள், அவர்களுக்கும் வேலை, குடும்பம் எல்லாம் உண்டு. இருபது லிங்க்கை ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் தலைக்கு நாலு. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் முடிகிற வேலை, முதலில் செத்த லிங்க்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.