லினக்ஸில் வீடியோ ஓடாது என்று யார் சொன்னது?

எங்கள் காம்பவுண்டின் கடைசி வீட்டில் குடியிருக்கும் பெண்மணி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நீட் பயிற்சிக்காக ஏதோ ஒரு ஆன்லைன் நிறுவனத்தில் பணம் கட்டியாகிவிட்டது. போனில் பார்த்தால் கண் வலிக்கிறது என்று ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பெட்டி அது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் கை கழுவிவிட்டது அல்லவா? விண்டோஸ் 11 போடலாம் என்றால், பழைய பிராசசர் ஆகாது என்கிறது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை எல்லாம் அலுவலகங்கள் வெளியே தள்ளுகின்றன. விற்ற பையன் நல்லவன். அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் யூடியூப் ஓடியது. பணம் கட்டிய பாடம் மட்டும் ஓடவில்லை. கறுப்புக் கட்டம், நடுவில் சுற்றிக்கொண்டே ஒரு வட்டம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரத் தம்பி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். "இது லினக்ஸுங்கக்கா, இதுல வீடியோ ஓடாதுங்க. புது லேப்டாப் எடுத்துருங்க, முப்பத்தஞ்சு ரூவா ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்தாயிரம் என்பது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த அம்மா மகளிர் குழுவில் கடன் கேட்டுவிட்டு வந்து, போகிற போக்கில் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன், பொறுத்தருள்க.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். ஆங்கிலம் எனக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்த பாஷை. ஆகவே திரையில் ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால் மற்றவர்களைப் போல ஓகே அமுக்கிவிட்டுப் போகத் தெரியாது, எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். என்னுடைய மொத்தக் கணினி அறிவும் இந்தப் பலவீனத்தில் வந்ததுதான்.

அன்று சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். ஃபயர்பாக்ஸில் பாடத்தைத் திறந்தால் மேலே மெல்லிசாக ஒரு பட்டை வந்தது. இந்த வீடியோவை ஓட்டத் தேவையான கோடெக்கை நிறுவ வேண்டியிருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. வியாதி, மருந்து இரண்டையும் பெட்டியே சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

கோடெக் என்றால் என்ன? நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு எளிதாக விளங்கும். பழைய பதிவேடுகளில் ஒரே ஊர், ஒரே தாலுகா வரிசையாக வந்தால் ஒவ்வொரு வரியிலும் முழுதாக எழுதுவோமா? 'மேற்படி' என்று போட்டுவிட்டு, மாறியதை மட்டும் எழுதுவோம். வீடியோவும் அப்படித்தான். ஒரு நொடிக்கு 25 அல்லது 30 படம். வாத்தியார் பின்னால் இருக்கும் சுவர் மாறவில்லை என்றால் 'மேற்படி'. கை அசைந்தால் அந்த அசைவு மட்டும் குறிப்பு. இப்படிச் சுருக்கி எழுதும் முறைகள் பல உண்டு. 2003-இல் வந்த எச்.264 என்பது அவற்றில் உலகம் முழுக்கப் பரவியது. கூகுளின் விபி9, பிறகு 2018-இல் வந்த ஏவி1 ஆகியவை காசு கேட்காத முறைகள். எந்த முறையில் எழுதியதோ அந்த முறை தெரிந்தவன்தான் அதைத் திருப்பிப் படிக்க முடியும்.

யூடியூப் ஓடி, பாடம் ஓடாததன் ரகசியம் இதுதான். யூடியூப் விபி9-இலும் அனுப்பும். அதைப் படிக்க ஃபயர்பாக்ஸுக்கே தெரியும். பாடம் நடத்துகிறவர்கள் எச்.264-இல் மட்டும் வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் எச்.264-ஐப் படிக்க, கணினியில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் தொகுதியின் கையைப் பிடிக்கும். மின்ட் போடும்போது மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். விற்ற பையன் அதை டிக் செய்யாமல் விட்டிருக்கிறான். அவ்வளவுதான் வியாதி.

மெனுவைத் திறந்து, மல்டிமீடியா பிரிவில் 'இன்ஸ்டால் மல்டிமீடியா கோடெக்ஸ்' என்று இருப்பதை அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தோம். போன் ஹாட்ஸ்பாட்டில் பத்து நிமிடம் இறங்கியது. ஃபயர்பாக்ஸை மூடித் திறந்தோம். வாத்தியார் வந்துவிட்டார். முப்பத்தைந்தாயிரம் ரூபாய் வேலை!

சில பாடங்களுக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். டிஆர்எம் என்பார்கள். அதற்கு ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில், டிஆர்எம் கட்டுப்பாடு உள்ளவற்றை ஓட்டு என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். கூகுளின் வைட்வைன் என்ற சின்ன நிரல் தானாக இறங்கிக்கொள்ளும். பிறகு மின்விசிறி ஆலைச் சங்கு மாதிரி ஊதியது. சுமை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது. 1080-ஐ 480 ஆக்கினால் சத்தம் அடங்குகிறது. கரும்பலகை எழுத்து தெளிவாகவே தெரிகிறது. யூடியூபில் இதே தொல்லை என்றால் எச்264இஃபை என்று ஒரு நீட்சி இருக்கிறது. பழைய முறையிலேயே அனுப்பு என்று யூடியூபிடம் அது கேட்கும். படம் பச்சையாகவோ கிழிந்தோ தெரிந்தால் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை நிறுத்திப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவே.

இனி சண்டைக்கு வருகிறேன்.

'லினக்ஸில் ஓடாது' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது உண்மைதான். அப்போதெல்லாம் வீடியோ என்றால் ஃபிளாஷ். அடோபி நிறுவனம் 2012-இல், லினக்ஸுக்கு 11.2-க்குப் பிறகு புதிய ஃபிளாஷ் குரோமுக்குள் மட்டும்தான், மற்ற பிரௌசர்களுக்கு இல்லை என்று அறிவித்தது. லினக்ஸ்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த ஃபிளாஷையே 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அடோபி புதைத்துவிட்டது. புதைத்த பிணத்தைக் காட்டி இன்னமும் பயமுறுத்துவது என்ன நியாயம்?

"விண்டோஸில் எல்லாம் தானா ஓடுதுங்களே" என்பார்கள். ஓடும். கோடெக்குக்கு உரிய காசு விண்டோஸ் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதிலும் எச்இவிசி என்ற அடுத்த தலைமுறை முறைக்கு மைக்ரோசாப்ட் தன் கடையில் 0.99 டாலர் விலை வைத்தது. இலவசமாகக் கொடுக்கும் லினக்ஸ்காரர்கள் யாருக்குக் காசு கட்டுவது? எச்.264-இன் காப்புரிமைகளை ஒரு குழுவாகச் சேர்த்து வசூல் நடக்கிறது. ஆகவே ஃபெடோரா போன்ற அமெரிக்கப் பின்னணி உள்ள லினக்ஸ்கள் வழக்குக்குப் பயந்து ஒதுங்குகின்றன. மின்ட் 'வேண்டுமானால் நீயே டிக் செய்துகொள்' என்கிறது. இதைக் குறைபாடு என்று சொல்வதா, கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்று சொல்வதா?

பூட்டு விஷயம் இன்னும் மோசம். திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுக்கும்போது, லேபிளும் பட்டனும் நான் சொல்லும் நாமினேட்டட் சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும் என்கிறான் அல்லவா? பக்கத்துத் தெருவில் அதே தரத்தில் கிடைத்தாலும் ஆகாது. வைட்வைன் அப்படிப்பட்ட சப்ளையர். இந்தப் பூட்டுக்கான ஏற்பாட்டை 2017 செப்டம்பரில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி ஏற்றுக்கொண்டபோது, எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அதை எதிர்த்து அந்த அமைப்பிலிருந்தே வெளியேறியது. வைட்வைனில் மூன்று படிநிலை உண்டு. லினக்ஸ் பிரௌசர்களுக்குக் கடைசிப் படியான எல்3-தான். ஆகவே காசு கட்டிப் பார்க்கும் சினிமாத் தளங்கள் சில, லினக்ஸ்காரனுக்குத் தரம் குறைந்த படத்தையே காட்டும். இதை மறைக்க மாட்டேன். அது லினக்ஸின் இயலாமை இல்லை. கொடுக்கிறவன் பார்த்துக் கொடுக்கும் பந்தி.

இந்த இடத்தில் என் பழைய பள்ளிக்கூடப் பாசம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், மன்னிக்கவும். நான் சொன்ன எஃப்எஃப்எம்பெக்கை 2000-இல் தொடங்கியவர் ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர். நீங்கள் எல்லோரும் வைத்திருக்கும் விஎல்சி, அந்த ஆரஞ்சுக் கூம்பு, பாரிஸில் எகோல் சாந்த்ரால் மாணவர்கள் 1996-இல் ஆரம்பித்த வேலை. வளாகத்து வலைப்பின்னலில் டிவி நிகழ்ச்சி பார்க்க எழுதியதை 2001-இல் உலகத்துக்கே திறந்து விட்டார்கள். கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் காப்புரிமை கிடையாது என்பது ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52-ஆம் பிரிவு. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்திலும் 3(கே) பிரிவு ஏறக்குறைய அதையே சொல்கிறது. 'அந்த அளவில்' என்ற சொல்லுக்கு வக்கீல்கள் எப்படி வேண்டுமானாலும் பொருள் சொல்லட்டும். சட்டத்தின் மனசு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. ஆனால் நாம் செய்தது என்ன? 2022-இல் விஎல்சியின் வலைத்தளத்தையே இந்தியாவில் பல மாதம் முடக்கி வைத்தோம். அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு அந்த நவம்பரில்தான் திறந்தது.

அரசாங்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் குமாஸ்தாவே இல்லை. 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அப்புறம் 2011 செப்டம்பர் 15-இல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எவ்வளவு பெரிய வாய்ப்பு! என் தம்பி பேரனுக்கும் ஒன்று வந்தது. பள்ளியில் யாரும் அதைத் திறந்து காட்டவில்லை. ஒரு கடையில் கொடுத்து, இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டு வந்தான். பக்கத்தில் பாலக்காட்டைப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் பல வருடமாக லினக்ஸ்தான். முதலில் வாத்தியார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், பிறகு பிள்ளைகளுக்கு. நாம் பெட்டியைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. அரசாணை போட்டால் நடைமுறைக் குறிப்பும் கூடவே போக வேண்டும் என்பது எங்கள் செக்ஷனில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

லினக்ஸ் ஆர்வலர்களையும் சும்மா விடுவதாக இல்லை. சந்தேகம் என்று யாராவது வந்தால், கறுப்புத் திரையைத் திறந்து இந்த வரியை அடி என்கிறீர்கள். அந்த வரி என்ன செய்யும் என்று சொல்வதில்லை. அடித்தவனுக்கு ஒன்று ஓடும், இன்னொன்று கெடும். மெனுவில் ஒரு பொத்தான் இருக்கும்போது அதை முதலில் காட்டினால் உங்கள் கௌரவம் குறைந்துவிடுமா? ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கு முதல் நாளே மெஷினைப் பிரித்துக் காட்டுவார்களா, நூல் கோர்க்கச் சொல்லித் தருவார்களா?

கடைக்காரத் தம்பியிடம் எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 'ஓடாது' என்றார் பாருங்கள், அதில்தான் ஒரு குடும்பம் வாரா வாரம் தவணை கட்டும் நிலைக்குப் போக இருந்தது. வேலை இல்லாத வாரத்திலும் தவணை உண்டு என்பது பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கடன் கேட்டதை மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. பெண் இப்போது தாவரவியல் பாதி முடித்திருக்கிறாள். அவளுக்கு என்னைவிட மெனுக்கள் நன்றாகத் தெரிந்துவிட்டன. நேற்று என் கணினியில் சத்தம் வராமல் போனதை அவள்தான் சரி செய்தாள். நான் வேறு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேனாம்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கறுப்புக் கட்டம் காட்டும் பெட்டி ஏதாவது இருந்தால், விற்பதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எடுத்து வாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரையும் சேர்த்து. என்னிடம் இருப்பது ஒருவருக்கும் பொருந்துவதில்லை.