பழைய லீஃப் வாங்குவோருக்கு

ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் காரைப் பெயின்றைப் பார்த்து வாங்குவது, பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குவது போல. டாஷ்போட்டில் தெரியும் 12 பற்றரிக் கட்டங்களையும் முழுதாக நம்பாதீர்கள். அதைக் கூட்டிக் காட்டி விற்கிறவர்கள் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி அடப்டரைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தால் 96 செல் சோடிகளின் வோல்ட்டேஜும் தெரியும். மேடு ஏறும்போது ஒன்றிரண்டு மட்டும் சரிந்தால் அந்தக் கார் வேண்டாம்.

லட்சக்கணக்கில் கொடுக்கும் இடத்தில் அடப்டருக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்குப் பிடிபடுவதில்லை. ஆக மலிவானவை சில கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது, பெட்டியில் 1.5, 2.1 என்று அடித்திருப்பதை நம்பவும் முடியாது. ஐபோன்காரர் புளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பார்த்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள். நாட்கணக்கில் செருகிக் கிடந்தால் சின்ன 12 வோல்ட் பற்றரி இறங்கிவிடும்.