பெட்டிக்குள் பூட்டிய தவில்

யாழ்ப்பாணத்து இசை இரசிகர் மூவர் ஓரிடத்திற் கூடினால், அவ்விடம் நல்லூர் வீதியாயினும் சரி, இலண்டன் மாநகரத்துத் திருமண மண்டபமாயினும் சரி, பேச்சு எங்குத் தொடங்கினும் அரைமணி நேரத்துள் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். "தெட்சணாமூர்த்தியின் எந்தச் சமா உங்களிடம் இருக்கிறது?" ஒருவர் தம்மிடமுள்ள கோயிற் சமா ஒன்றைச் சொல்வார். மற்றவர் அதைக்காட்டிலும் அரியதொன்றைச் சொல்வார். மூன்றாமவர் புன்னகை புரிவார், வாய் திறவார். அந்த மூன்றாமவரோடு வழக்காடவே இதனை எழுதுகின்றோம்.

தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1933ஆம் ஆண்டில் இணுவிலிற் பிறந்தவர், அளவெட்டியில் வாழ்ந்தவர், 1975ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்னரே மறைந்தவர். தமிழகத்தின் பெரும் நாதசுர வித்துவான்கள் அவரைத் தம்மருகில் வைத்து வாசிக்க விரும்பினர். அம்ஷன் குமார் 2015ஆம் ஆண்டில் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். இத்தனை புகழிருந்தும் அந்தக் கைகளின் ஓசை எங்கே எஞ்சியிருக்கிறது? பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவிற் சுழன்று முடிந்துவிடும். அதில் நாதசுரத்துக்கே இடம் போதாது. தவிலின் தனிக்கு ஏது இடம்? நாம் கேட்டவற்றுட் பல, திருவிழா இரவில் யாரோ ஓர் ஊரவர் கனத்த ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சென்று, மின்கம்பி தேடி அலைந்து, சனத்தின் இருமலுக்கும் குழந்தையின் அழுகைக்கும் நடுவே பிடித்து வைத்தவை. அந்த ஊரவரின் பெயர் எந்த நாடாவின் மேலும் எழுதப்படவில்லை.

பின்னர் கசெற் வந்தது. நகரத்திலும் சந்திகளிலும் 'ரெக்கோடிங் பார்' என்ற பெயரிற் சிறு கடைகள் தோன்றின. வெற்று நாடாவையும் விருப்பப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளிற் பாட்டு நிரம்பி வரும். சினிமாப் பாட்டும், ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் பொப்பிசையும், மேளச் சமாவும் அங்கே ஒரே மேசையிற் பிரதியாயின. பண்டிதர்கள் அவற்றைத் தரம் பிரித்திருப்பர், கடைக்காரர் பிரிக்கவில்லை. நம் இசை நூலகம் என்று ஒன்று இருந்ததாயின் அது அந்த மேசைதான்.

அதற்கு மேல் நடந்ததை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின என்பர். நூல்களுக்கு அந்தக் கணக்காவது உண்டு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தபோது வீடுகளில் விடப்பட்ட நாடாக்களை எவர் எண்ணினர்?

அதற்கு முந்திய ஐந்தாண்டுகளையும் நினைவுகூர்வோம். 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. மக்கள் சைக்கிளை நிறுத்திவைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலியும் கசெற்றும் கேட்டனர். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் இராகமும் தளர்ந்து இழுபடும். வேகங்கொண்டால் சுருதி ஏறும். ஒருவர் சுழற்ற, ஐவர் கேட்டனர். பின் கை மாறினர். அந்த முற்றத்தில் 'இது என்னுடையது, நீ கேளாதே' என்று எவரும் சொல்லவில்லை. பங்கிட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழியே இல்லாதிருந்தது.

இன்று வழிகள் ஆயிரம். பூட்டும் கூடவே வந்திருக்கிறது.

நாம் அறிந்த அன்பர் ஒருவரிடம் அரிய நாடாக்கள் பல உள்ளன. வெளிநாட்டில் வாழ்கிறார், நல்லவர், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு உதவுபவர். பிரதி கேட்டோம். மூன்று காரணம் சொன்னார். தகுதியற்றவர் கையிற் போனால் அதன் மதிப்புக் கெடும் என்பது முதலாவது. கலைஞரின் குடும்பத்துக்குரியதை நாம் எப்படி வழங்கலாம் என்பது இரண்டாவது. இப்போதெல்லாம் இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பது மூன்றாவது.

முதலாவது காரணத்தை மறுக்க நாம் பெரிதும் முயலப்போவதில்லை. தெட்சணாமூர்த்தி வாசித்தது வெளிவீதியில், மணலில் இருந்தவர்களுக்காக. விடியும்வரை எழும்பாமல் இருந்த கமக்காரனிடமும் சுருட்டுத் தொழிலாளியிடமும் எவரும் தகுதிப் பத்திரம் கேட்கவில்லை. கோயிலின் உள்வாசலிற்றான் தகுதி கேட்டார்கள்; அது வேறு கதை, அதற்கும் வருவோம். இரண்டாவது காரணம் நேர்மையானது. அதனை ஏற்கிறோம். விற்பனை நடக்குமாயின் பங்கு குடும்பத்துக்குச் சேரவேண்டும். வெளியிடுமுன் அவர்களைக் கேட்கவேண்டும். ஆனால் அன்பர் அக்குடும்பத்துக்கேனும் ஒரு பிரதி கொடுத்தாரா? இல்லை. மூன்றாவது காரணமோ அரை உண்மை. இணையத்திற் கிடப்பவற்றுட் பல, நாள் இல்லை, இடம் இல்லை, உடன் வாசித்த நாதசுரக்காரர் யாரென்று இல்லை. நாதசுரம் அளவெட்டி என். கே. பத்மநாதனுடையதா, தமிழகத்தார் ஒருவருடையதா என்று காதால் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பிரதியின் பிரதியின் பிரதி என்பதால் மேல்சுரங்கள் மங்கிவிட்டன. வலந்தலையில் விரற்கூடுகள் விழும் அந்தக் கூரிய ஒலிதான் முதலிற் சாகிறது. தொப்பியின் கழியோசை மட்டும் மொத்தென்று எஞ்சுகிறது. ஊமைத்தவிலைக் கேட்டுத்தான் இன்றைய மாணவன் மேதையை அளக்கிறான்.

பூட்டிய பெட்டிக்குள் நாடா பத்திரமாக இருக்கிறது என்பதும் மயக்கமே. நாடாவிலே காந்தத்துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் கசியும், பூஞ்சணம் பிடிக்கும், ஓட்டும்போது உரிந்துவரும். நல்ல ஓட்டுகருவிகளும் அருகிவருகின்றன. திறவாத பெட்டியில் இருப்பது இசையா, பிசினா என்பது திறக்கும் அன்றுதான் தெரியும்.

இவ்வியல்பு நமக்கு மட்டும் உரியதன்று. யமேக்காத் தீவின் தலைநகரான கிங்ஸ்ரனில், 1950களில், ஏழைகளின் நடனத்துக்குப் பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் நிறுத்தி இசைத்தட்டுப் போடும் தொழில் வளர்ந்தது. கொக்சன் டொட் என்பார் அமெரிக்காவிலிருந்து தருவித்த தட்டுகளின் முகத்தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாமே ஒரு பெயர் சூட்டி வாசிப்பித்தார். போட்டியாளராகிய டியூக் றீட் அதன் உண்மைப் பெயரைக் கண்டறியப் பெரும்பாடு பட்டார். அந்த ஒளிப்பில் ஒரு நியாயமுண்டு, அது வயிற்றுப்பாடு. அதே தெருக்களிலிருந்து 1960களின் இறுதியில் றெகே இசை பிறந்தது. சிறு எண்ணிக்கையில் அச்சான அத்தட்டுகளை இங்கிலாந்திலும் யப்பானிலும் உள்ள இரசிகர்கள் தேடிச் சேர்த்தனர்; பட்டியலிட்டனர்; பாடியவர் யார், பின்னணியில் வாசித்தவர் யார், எந்தக் கலையகம் என்று ஒருவரையொருவர் திருத்தினர். ஏமாற்றப்பட்ட கலைஞர் பலர், பணம் முழுதும் கிட்டாவிடினும், பெயரையேனும் அவ்வாறு மீளப்பெற்றனர். 2018இல் யுனெஸ்கோ அவ்விசையை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நம் அன்பரோ வயிற்றுப்பாட்டுக்காக ஒளிக்கவில்லை. 'என்னிடம் மட்டும் உண்டு' என்ற ஒரு புன்னகைக்காக ஒளிக்கிறார்.

ஆயினும் பழியை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நமக்கு அழகன்று. முற்போக்காளர் என்று மார்தட்டிய நாம் என்ன செய்தோம்? மேளத்தைக் கோயிற்கலை, நிலவுடைமைக் காலத்து எச்சம் என்று ஒதுக்கினோம். அதை வாசித்தவர் சாதியின் பெயரால் கோயில் முகாமையாளரிடம் பட்ட சிறுமையைக் கேட்டறிய முனைந்தோர் நம்முள் மிகச் சிலரே. கூத்தைக் கொண்டாடினோம்; பேராசிரியர் வித்தியானந்தன் அதனை 1960களிற் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியதைப் பெருமையோடு எழுதினோம். ஆனால் காங்கேசன்துறையிலிருந்து எழுந்து, மயானகாண்டத்தில் அரிச்சந்திரனாக மூவாயிரம் மேடைக்கு மேல் ஏறிய நடிகமணி வி. வி. வைரமுத்துவின் குரலில் எத்தனை இரவை நாம் பதிந்து வைத்தோம்? 1989இல் அவர் மறைந்தார்.

பறையைப் பற்றியோ பேசவே கூசுகிறது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கெதிராக ஊர்வலம் சென்ற காலத்தில், பல ஊர்களில் மக்கள் இழவு வீட்டுக்குப் பறை அடிக்க மறுத்தனர். அடிமைக்கூலியாக அடித்ததை மறுத்தது நீதி. அம்மறுப்பை இன்றும் வணங்குகிறோம். ஆனால் அந்தக் கைகளில் இருந்த தாளஞானத்தை, அவர்கள் விரும்பினால், கூலியும் மரியாதையும் கொடுத்து, சமமான கதிரையில் இருத்திப் பதிவு செய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அரிய நாடா என்று இன்று தேடுகிறோமே, எல்லாவற்றிலும் அரியது ஒருபோதும் பதியப்படாத அந்த நாடாதான். அதை மட்டும் எந்த மூன்றாமவரும் ஒளித்து வைத்திருக்கவில்லை.

ஆகவே ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்கிறோம். 2005இலிருந்து நூலக நிறுவனத்தார் நம் நூல்களை எண்ணிம வடிவில் எவர்க்கும் திறந்து வைத்து வருகிறார்கள், ஒலிகளையும் சேர்க்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதனின் பெயரால் நுண்கலை பயிலும் இடம் இருக்கிறது. உங்கள் ஊரில் பழைய நாடா வைத்திருக்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். சென்று கேளுங்கள். மூலத்தை வாங்கி வராதீர்கள். அவர்கள் கண்முன்னே பிரதி எடுத்து மூலத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். எந்தக் கோயில், எந்தத் திருவிழா, யார் நாதசுரம், யார் தாளம், யார் பதிவு செய்தவர் என்று அந்த வீட்டு முதியவரிடம் கேட்டு, அவர் சொல்வதையும் பதிந்துகொள்ளுங்கள். முதியவர் உள்ளபோதே இது நடக்கவேண்டும். நாடா அவரைவிட நெடுங்காலம் இருந்தாலும் வாய் திறந்து ஊர்ப்பெயர் சொல்லாது.

மூன்றாமவராகிய அன்பருக்கும் ஒரு சொல். எம்மிடமுள்ள பிரதி தொண்ணூறு நிமிட நாடாவின் ஒரு பக்கம் மட்டுமே. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில், தனி ஏறி உச்சத்துக்குச் செல்லும் நடுவழியில், அறுந்து நிற்கிறது. அதன் மறுபக்கம் உங்களிடம் இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை வாய்தவறிச் சொன்னீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவாருங்கள். ஓடக்கூடிய கருவி ஒன்று எம்மிடம் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது.