சிபாரிசு இல்லாதவன் எந்த கேட்டில் நிற்பான்?

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு)



மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. மனசுல கிடக்கிற ஒரு சங்கதியை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

போன வருஷம் லீவில் பயிற்சி கேட்டு, சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) நானும் வகுப்பு நண்பன் ஒருவனும் போனோம். மூக்கண்டப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே போனோம். விண்ணப்பத்தில் பேர், மார்க் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கட்டம்: 'கம்பெனியில் தெரிந்தவர் யார்?' நண்பன் அதில் கோடு போட்டான். நான் சித்தப்பா பேரை எழுதினேன். அவர் அதிகாரி ஒன்றும் இல்லை, கான்ட்ராக்டில் கார் ஓட்டுகிறவர். "மேனேஜர் வண்டிய நான்தான்டா ஓட்றேன். சொல்லி வெச்சிருக்கேன், நீ எழுது" என்றார்.

எனக்குக் கிடைத்தது. அவனுக்கு "அப்புறம் சொல்றோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை. லேத்தில் அவன் கை எப்படி என்று நம் ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். என் ஜாப்பை எத்தனை தடவை அவன் திருத்திக் கொடுத்திருக்கிறான்!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா லோடு ஏற்றுகிறவர். "நமக்கும் ஒரு ஆள் இருக்குதுன்னு இப்பத்தான்டா தெரியுது" என்று சந்தோஷப்பட்டார். அவரிடம் என்ன சொல்வது?

இதைக் கேட்க ஒரு சட்டமும் இல்லையா என்று தொழிற்சங்க அண்ணன் ஒருவரிடம் டீக்கடையில் கேட்டேன். "இருக்கு. ஆனா கேட்டுக்கு உள்ள இருக்கு" என்று சிரித்தார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் எழுதுகிறேன்.

அரசு வேலை என்றால் அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு இருக்கிறது. மதம், சாதி மட்டுமல்ல, வம்சாவளியைப் பார்த்தும் பாகுபாடு கூடாது. அந்தக் கால மதராஸ் சட்டப்படி கிராம முன்சீப் வேலை அப்பனுக்குப் பின் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1960-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. ஆனால் இந்தப் பிரிவு தனியார் கம்பெனியைக் கட்டாது. முதலாளி தன் மச்சான் பையனை எடுத்தால் யாரும் கேட்க முடியாது. 1959-ல் வந்த சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் கம்பெனி காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தால் போதும், அங்கிருந்து வருகிறவனைத்தான் எடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை! பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்பதற்கு மட்டும் 1976 முதலே சட்டம் உண்டு. நம் வகுப்புத் தோழிகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

உள்ளே போன பிறகுதான் சட்டத்துக்கு வாய் வருகிறது. தகுதியைப் பார்க்காமல் ஒரு பிரிவுத் தொழிலாளிக்குச் சலுகை காட்டுவது முறையற்ற செயல் என்று தொழிற்தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. நிரந்தரம் ஆக்காமல் வருஷக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கிற புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் இவை உண்டு. அதே நாளில் அமலுக்கு வந்த இன்னொரு சட்டப்படி, வேலையில் சேருகிறவனுக்கு நியமனக் கடிதம் எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரம் என்பது நம் தமிழ்நாட்டின் 1981-ம் வருஷச் சட்டம். "479-வது நாள் நிறுத்திடுவாங்க தம்பி, அதனால அட்டெண்டன்ஸ நீயும் எழுதி வெச்சுக்கோ" என்றார் அண்ணன். அப்ரண்டிஸுக்கு இந்தக் கணக்கு ஓடாது. 1961-ம் வருஷச் சட்டப்படி அவன் பயிற்சியாளன், தொழிலாளி அல்ல.

'உள்ளூர்க்காரனுக்கே வேலை' என்று நம்மில் பலர் பேசுகிறோம். நானும் பேசியவன்தான். 2024 ஜூலையில் கர்நாடக மந்திரிசபை நிர்வாக வேலையில் 50, மற்ற வேலையில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று மசோதா கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் உடனே நிறுத்தி வைத்தது. அது நிறைவேறியிருந்தால் ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிற நம் அண்ணன்மார் அங்கே வெளியூர்க்காரர் ஆகியிருப்பார்கள்!

நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் கல்லூரி வழியாக ஆள் எடுக்கிற கம்பெனி, போனவர் யார், எடுத்தவர் யார், டெஸ்டில் எத்தனை மார்க் என்று பட்டியல் தர வேண்டும். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். சட்டம் கேட்காததை நாமாவது கேட்கலாமே.

அதே கம்பெனி இந்த வருஷமும் ஆள் எடுக்கிறதாம். நண்பன் போன வாரம் வந்து, "உங்க சித்தப்பாகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்றியாடா?" என்றான். சரி என்றேன். இன்னும் சொல்லவில்லை. அதே வேலைக்கு நானும் அப்ளிகேஷன் போட்டிருக்கிறேன்.