மரபணு படித்தவர்களுக்கும் மருத்துவமனையில் இடம் வேண்டும்



பிளஸ் டூ மாணவர்களுக்கான உயர்கல்விக் கட்டுரைகளில் மரபணுத் துறை பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும், 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒருவரின் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். பொது மாதிரியோடு ஒப்பிட்டால் 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாறுபாடு இருக்கும். அவற்றில் நோய்க்குக் காரணம் எது என்று பிரித்தறிய இயந்திரம் மட்டும் போதாது; உயிரியலும் புள்ளியியலும் நிரல் எழுதவும் தெரிந்த ஆள் வேண்டும்.

பயோடெக்னாலஜி படித்த எத்தனையோ பிள்ளைகள் மருந்து விற்பனைக்கும் கால் சென்டருக்கும் போகிறார்கள். குறை அவர்களுடையதல்ல. பல கல்லூரிகளில், உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் செய்முறையே இல்லாத ஒற்றைத் தாள். லினக்ஸ் இயங்குதளம், பைத்தான், ஆர் நிரல்மொழிகள் ஆகிய மூன்றையும் முதலாண்டிலேயே தொடங்கலாம். பயிற்சிக்கான மரபணுத் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கணினிப் பக்கம் போக விரும்பாதவர்களுக்கு மரபணு ஆலோசகர் பணி உண்டு. எடுத்துக்காட்டாக, நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. கணவன், மனைவி இருவருமே அந்த நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. அதை அந்தத் தம்பதிக்குப் புரியும் தமிழில், அச்சுறுத்தாமல் எடுத்துச் சொல்வது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை. நெருக்கடியான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு அதற்கு நேரம் இருக்காது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு ஆலோசகர், ஒரு தரவு ஆய்வாளர் பணியிடத்தையாவது தமிழக அரசு உருவாக்க வேண்டும்.

- உயிர்த்தொழில்நுட்ப ஆசிரியை, மதுரை