தோண்டியவரே மூடுக!

ஜரியாவில் பூமி எரிகிறது. 1916-ஆம் ஆண்டு பவுரா சுரங்கத்தில் முதன்முதலாகக் கண்ட தீ, நூறாண்டு கடந்தும் அப்பகுதியை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. நாம் தங்கிப் படிக்கும் இதே தன்பாத் மாவட்டத்தில்தான் இந்த அவலம்! “அது பூமியின் இயல்பு, யார் என்ன செய்ய முடியும்?” என்பர் நம் நண்பர்களில் சிலர். அக்கூற்றை நான் மறுக்கிறேன்.

ரசாயனம் பயில்வோர் இதன் காரணத்தை நன்கறிவர். நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லக் கூடி வெப்பம் உண்டாக்கும். அவ்வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்தால், கரி தானே தீப்பற்றும். அந்நாளைய தனியார் முதலாளிகள் பலர் நல்ல கரியை வெட்டிக்கொண்டு, கூரையைத் தாங்கச் சில கரித் தூண்களை மட்டும் விட்டுச் சென்றனர். வெற்றிடத்தை மணலால் நிரப்பவில்லை. தூண்கள் நொறுங்கின, தரை பிளந்தது, பிளவின் வழியே காற்று புகுந்தது. நெருப்புக்கு வேறென்ன வேண்டும்?

மணல் செலவை அவர்கள் மிச்சம் பிடித்தார்கள். அதற்கு இன்று விலை கொடுப்பவர் யார்? 2009-இல் ஜரியா, ராணிகஞ்ச் இரண்டுக்கும் 7,112 கோடி ரூபாய்த் திட்டம். 2025-இல் ஜரியாவுக்கு மட்டும் 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டம். பணம் பொதுமக்களுடையது. புகையைச் சுவாசித்து, குடியிருந்த வீட்டையும் இழப்பவர் ஏழைகள்!

எஃகாலைக்கு உதவும் கரிச் சுரங்கங்கள் 1972-இல் நாட்டுடைமையாயின. உடைமை மாறிற்று; பழைய புத்தி முழுதும் மாறவில்லை. இன்று பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கம். கோல் இந்தியா நிறுவனம் ஒரு டன் கரிக்குச் சராசரியாக இரண்டு கன மீட்டருக்கும் மேலான மண்ணையும் பாறையையும் அகற்றுகிறது. அதைக் கழிவென்று குன்றாகக் குவித்தால், கோடையில் தூசியாகப் பறக்கும். மழையில் கரைந்து ஆற்றைச் சேரும்.

வழி இல்லையா? உண்டு. மேல்மண்ணைத் தனியே காக்கலாம். கரி எடுத்த குழியை அதே பாறையால் உடனுக்குடன் நிரப்பி, மேல்மண்ணைப் பரப்பி மரம் நடலாம். நாக்பூர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் செய்வதுபோல் கழிவு மண்ணிலிருந்து கட்டட மணல் பிரிக்கலாம். லாரிக்குப் பதில் மூடிய கன்வேயரில் கரியை அனுப்பலாம். கரி கழுவிய நீரைத் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

“இவற்றால் கரியின் விலை ஏறாதா?” என்று கேட்கலாம். ஏறட்டும்! 2024–25-இல் நூறு கோடி டன்னுக்கு மேல் கரி வெட்டிய நாடு இது. அக்கரியில் பிறந்த மின்சாரத்தை அனுபவிக்கும் நாம் அதன் முழு விலையைக் கொடுப்பதே நியாயம். இப்போது நமக்காக ஜரியாவின் குழந்தை இருமுகிறது.

விதி இல்லாமலில்லை. சுரங்கத்தை மூடும் திட்டமும், அதற்கென வங்கியில் ஒதுக்கிய பணமும் வேண்டுமென்பது 2009 முதல் உள்ள ஏற்பாடு. எவ்வளவு பணம் சேர்ந்தது, எத்தனை ஏக்கர் நிரம்பியது என்பதை ஆண்டுதோறும் சுரங்க வாயிலில், ஊரார் படிக்கும் இந்தியில் எழுதி வைக்கவேண்டும். இதுவே என் கோரிக்கை.

நண்பர்களே! நம்மில் சிலர் நாளை இச்சுரங்கங்களில் அதிகாரிகளாவோம். “குழி நிரப்பியாயிற்று” என்ற தாள் நம் மேசைக்கு வரும். நேரில் சென்று குழியைப் பார்த்த பின்னரே கையெழுத்திடுவோம் என்று இன்றே உறுதி கொள்வோம்.