டயர் கடையில் கேட்க முன் ரிம்மைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய ஹொண்டா சி50 வைத்திருப்பவர்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் எரிபொருள் பாஸ் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர்தான். அப்போதுதான் எங்கள் வீட்டுப் பின்பக்கங்களில் கிடந்த சி50கள் எல்லாம் வெளியே வந்தன. வாப்பா ஓடியது, மாமா ஓடியது. பெயின்ட் அடித்தோம், சீட் தைத்தோம், மட்கார்டுக்குக் குரோம் பூசினோம், படம் எடுத்துப் போட்டோம். நல்லது. ஆனால் அந்தப் படங்களில் சில்லை உற்றுப் பாருங்கள். பாதிப் பேரின் பைக்கில் 2.75-17 டயர். சிலருடையதில் 80/90-17. அந்த பைக் கம்பனியிலிருந்து வந்தது முன்னுக்கும் பின்னுக்கும் 2.25-17 டயரோடு.

ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "கொஞ்சம் பெரிசாப் போட்டா சோக்கா இருக்கும் சேர், பிடிப்பும் கூட." உண்மைக் காரணம் அதுவல்ல. கடைக்குப் போனோம், அங்கே இருந்தது அதுதான், வாங்கி வந்தோம். பிடிப்புக் கதையைப் பிறகுதான் சேர்த்துக்கொண்டோம்.

நாங்களும் அதைச் செய்தவர்கள்தான். எங்கள் கூட்டாளி ஒருவர் பின்னுக்கு 2.75 போட்டார். மகளைப் பின்னால் வைத்துக் கடுகண்ணாவ இறக்கத்தில் வந்தபோது றப்பர் எரியும் வாசம். நிறுத்திப் பார்த்தால் டயரின் பக்கச்சுவர் செயின் கவரில் உரசி, உள்ளே நூல் தெரிகிறது. தனியாக ஓடியபோது உரசவில்லை, இரண்டு பேரின் பாரம் ஏறியதும் உரசியிருக்கிறது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயம். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. அன்று டயர் பூட்டிய கடைக்காரரைத் திட்டினோம். வீட்டுக்கு வந்து யோசித்தால், "இதையே போடுங்க" என்று சொன்னது நாங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2.25-17 என்றால் டயரின் அகலம் 2.25 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 17 அங்குலம். இந்தப் பழைய முறையில் டயரின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே முழுச் சில்லின் விட்டம் 21.5 அங்குலம். 2.75 போட்டால் 22.5. ஒரு அங்குலம்தானே என்பீர்கள். அது நூற்றுக்கு நாலரைக்கும் மேல். சி50இல் ஸ்பீடோமீட்டர் ஓடுவது முன் சில்லிலிருந்து. முள் 50 காட்டும்போது நீங்கள் போவது 52க்கும் மேல். பின்னுக்குப் போட்டால் கியர் பாரமாகிறது. இருப்பதே 50 சீசி, மூன்று கியர். முன்பு மூன்றாவதில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாவதில் முனகுகிறது. உடனே என்ஜின் பாஸிடம் கொண்டுபோய் "இழுவை இல்லை" என்கிறோம். பாவம் அவர், கார்பரேட்டரைக் கழற்றுகிறார்.

பிடிப்புக் கூடும் என்பது இதைவிடப் பெரிய தவறு. அந்த ரிம்மின் உள் அகலம் வெறும் 1.20 அங்குலம். அகன்ற டயரின் இரண்டு விளிம்புகளையும் அந்த ஒடுங்கிய ரிம்மில் கொண்டுபோய் இறுக்கினால் டயர் அகலாது, நடுப்பகுதி கூம்பி நிற்கும். நேராகப் போகும்போது றோட்டைத் தொடுவது நடுக்கோடு மட்டும். வளைவில் சரிக்கும்போது பக்கச்சுவர் நெளியும். காசு கொடுத்து வாங்கியது பிடிப்பை அல்ல, ஆட்டத்தை.

"அசல் அளவு கிடைக்குதில்லையே" என்பவர்களுக்கு: மில்லிமீட்டரில் கேட்டுப் பாருங்கள். 60/100-17 என்பது 60 மில்லிமீட்டர் அகலம், அதில் நூற்றுக்கு நூறு உயரம். 2.25 அங்குலம் 57 மில்லிமீட்டர். முழு விட்டத்தில் வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான். 80/90-17இல் அது 30 மில்லிமீட்டர். பெயர் மாறியதால் இல்லை என்று சொல்லப்படும் டயர் பல நேரம் அதே கடையின் மேல்தட்டில் இருக்கிறது.

வாங்க முன் நான்கு விடயம்:

1. ரிம்மில் பொறித்திருப்பதை வாசியுங்கள். முன்பு வைத்திருந்தவர் ரிம்மையே மாற்றியிருக்கலாம். அப்படியானால் புத்தகத்து அளவும் உதவாது. ஒரு படி கூட்டி 2.50 போட நினைத்தாலும், அந்த ரிம் அகலத்தை டயர் கம்பனியின் அட்டவணை ஏற்கிறதா என்று பார்த்த பிறகே.

2. பாரக் குறியைப் பாருங்கள். 33 என்றால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 115 கிலோ. பின்னால் ஆள் ஏற்றுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

3. திகதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. மலிவாகத் தரும் டயர் ஏன் மலிவு என்பது அங்கே எழுதியிருக்கும்.

4. டியூபும் அதே அளவில். பெரிய டியூப் உள்ளே மடியும், சின்ன டியூப் இழுபட்டு மெலியும்.

அளவு நிறுவையில் குறைவு செய்பவர்களைப் பற்றி ஒரு சூராவே இருக்கிறது, அல்-முதஃப்பிஃபீன். அதை நாங்கள் எப்போதும் கடைக்காரருக்குத்தான் பொருத்திப் பார்க்கிறோம். டாங்கிக்குப் பெயின்ட் அடிக்க ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பின் சீட்டில் பிள்ளையைச் சுமக்கும் டயருக்கு "இருக்கிறதைப் போடுங்க" என்று சொல்லும் நாங்கள் யார்?

நாளைக் காலை பைக்கை எடுக்க முன் குனிந்து அந்த எண்ணை வாசியுங்கள். 2.75 என்றிருந்தால், கழற்றும்வரை பின்னால் யாரையும் ஏற்றாதீர்கள்.